இரண்டு செருப்புகளுக்கு நடுவே

போடியிலிருந்து தேவாரம் வழியாகப் பண்ணைப்புரம் போகும் பேருந்தில் வலது பக்கத்து ஜன்னல் கிடைத்துவிட்டால் வேறு எதுவும் வேண்டாம். மேற்கு மலை ஊர் ஊராகக் கூடவே வரும். நான் போனது ஆடி மாதத்தில். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை. இந்தப் பக்கம் அதன் காற்று மட்டும் இறங்கி வந்து தென்னை மட்டைகளை ஒரே திசையில் வாரி விட்டிருந்தது. பேருந்தின் தகரம் படபடவென்று அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "காத்து இன்னும் ஒரு மாசத்துக்கு இப்படித்தான் தம்பி. துணியக் காயப்போட்டா அடுத்த தெருவுல போய்த்தான் எடுக்கணும்" என்றார்.

பண்ணைப்புரத்துக்கு வெளியூர்க்காரன் வந்து இறங்கினால் ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடையில் தோள்பையை இறக்கி வைத்ததுமே கடைக்காரர் கேட்டார்: "ராசா வீட்டப் பாக்க வந்தீங்களா?" ஆமாம் என்றேன். இளையராஜா 1943-ல் பிறந்த மண். அவர் அண்ணன் பாவலர் வரதராஜனும் தம்பிகளும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய ஊர். பாட்டுக் கேட்டு வளர்ந்த எவனும் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கும் இடம். பார்த்தேன். நின்றேன். மனம் நிறைந்தது. ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. அன்று சாயங்காலம் அதே ஊரில் நான் பார்த்த ஒரு கோல்கீப்பரைப் பற்றியது. அவனால் நினைவுக்கு வந்த இன்னொரு கோல்கீப்பரைப் பற்றியது.

ஊரைத் தாண்டி மலையைப் பார்க்க நடந்தால் மானாவாரிக் காடுகள். அறுவடை முடிந்து வெறுமனே கிடந்த ஒரு காட்டில் பத்துப் பதினைந்து பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மலைப்பக்கத்துக் கோலுக்கு இரண்டு கற்கள். ஊர்ப்பக்கத்துக் கோலுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. செருப்புகளுக்கு நடுவே வெறுங்காலோடு பதின்மூன்று வயதிருக்கும் ஒரு பையன் நின்றிருந்தான். கோல் கம்பமாக நட்டிருந்தது அவனுடைய செருப்பைத்தான்.

அவன் நின்ற இடத்தைக் கவனித்தால்தான் அவன் பாடு புரியும். காற்று மலையிலிருந்து வருகிறது, அதாவது அவன் முகத்துக்கு நேராக. சூரியன் மலைமேல் இறங்குகிறது, அதுவும் அவன் கண்ணுக்கு நேராக. எதிரணிப் பையன் லேசாகத் தட்டிய பந்துகூட காற்றில் ஏறி, வெளிச்சத்துக்குள் மறைந்து, பாதி வழியில் திசை மாறித் தலைக்கு மேலே இறங்கியது. அவன் இடது உள்ளங்கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, கடைசி நொடியில் அந்தக் கையை எடுத்துப் பந்துக்குக் கொடுத்தான். கையுறை கிடையாது. கரிசலும் கல்லும் கலந்த மண்ணில் விழுந்து எழுந்து முழங்கையில் பழைய காயத்தின் மேல் புதுக் காயம். நான் பார்த்த முக்கால் மணி நேரத்தில் ஏழு பந்தைப் பிடித்தான், ஒன்றை விட்டான். ஏழுக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. விட்ட ஒன்றுக்கு, "டேய், தூங்குறியாடா?" என்று நாலு திசையிலிருந்தும் கத்தினார்கள்.

அந்தக் கத்தல் எனக்குத் தெரிந்த கத்தல். பள்ளி நாளில் நானும் கோலில் நின்றவன். மாவட்டப் போட்டியில் கையில் பட்டு நழுவிய ஒரு பந்தால் நாங்கள் தோற்றோம். திரும்பி வந்த பேருந்தில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. முப்பது வருடம் ஆகிறது. அந்தக் காலி இருக்கை இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

பந்து சப்பாத்திக் கள்ளிப் புதருக்குள் போய்விட, அதை எடுக்க ஒருவன் ஓடினான். அந்த இடைவெளியில் பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். நீ யாரைப் பார்த்து டைவ் அடிக்கக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "போன்ல பாப்பேண்ணே. வான் டெர் சார்னு ஒருத்தரு. ஹாலந்துக்காரரு. மழையில பெனால்டி பிடிப்பாருல்ல, அத நூறு தடவ பாத்திருப்பேன்."

அவன் சொன்னது 2008 மே 21, மாஸ்கோ. சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். மான்செஸ்டர் யுனைடெட்டும் செல்சியும் ஆளுக்கொரு கோல் அடித்து, பெனால்டியில் வந்து நின்ற இரவு. கொட்டும் மழையில் அனெல்காவின் பந்தை வலப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார் எட்வின் வான் டெர் சார். அந்த ஒரு தட்டில் கோப்பை கைக்கு வந்தது. பையன் பார்த்தது இவ்வளவுதான். அதற்கு முந்தைய பன்னிரண்டு வருடம் அந்தக் காணொளியில் இல்லை. 1996-ல் அயாக்ஸ் அணிக்காக ரோமில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், அதே ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் பிரான்ஸ், 1998 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில், 2000-ல் சொந்த மண்ணில் இத்தாலி என்று நான்கு முறை பெனால்டியில் தோற்று மைதானத்தைவிட்டு நடந்தவர் அவர். நெதர்லாந்துக்காக 130 ஆட்டம் நின்றவர். 2008-09 பருவத்தில் இங்கிலாந்து லீக்கில் 1,311 நிமிடம் ஒரு கோலும் விடாதவர். மாஸ்கோவில் அந்தக் கை நீண்டபோது அவருக்கு வயது 37.

"அவருக்கு முன்னாடி அதே நாட்டுல யான் யாங்ப்ளூட்னு ஒருத்தர் இருந்தார் தம்பி. ஒன்ன மாதிரியே கையில உறை போடாம நின்னவர்" என்றேன். பையன் என் கையைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். "உலகக் கோப்பையிலயா?" ஆமாம், உலகக் கோப்பையில்தான். ஆம்ஸ்டர்டாமில் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். 1962-ல் நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டத்தில் கடைசிச் சில நிமிடம் இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் கூப்பிடவே இல்லை. 1974-ல் முப்பத்து மூன்று வயதில் திடீரென்று கூப்பிட்டார்கள். காரணம் கை அல்ல, கால். அந்த நெதர்லாந்து அணி மொத்தமாக முன்னேறி ஆடும் அணி. பின்னால் திறந்து கிடக்கும் வெளியை ஓடி வந்து காலால் அடைக்கத் தெரிந்த கோல்கீப்பர் அதற்கு வேண்டியிருந்தார். பெயர் வரிசைப்படி எண் கொடுத்ததால் 8-ஆம் எண் சட்டையோடு நின்றார். 1974, 1978 இரண்டு உலகக் கோப்பைகளிலும் இறுதி ஆட்டம் வரை வந்து இரண்டிலும் தோற்றார். 1984-ல் அவருடைய மகன், அவரும் கோல்கீப்பர்தான், மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மின்னல் தாக்கி இறந்துபோனார். அதற்குப் பிறகும் அந்த மனிதர் கோலில் வந்து நின்றார். நெதர்லாந்தின் தொழில்முறை லீக்குகளில் அவர் ஆடிய 707 ஆட்டங்களை இதுவரை யாரும் தாண்டவில்லை. மகன் கதையைப் பையனிடம் நான் சொல்லவில்லை. கையுறை கதையோடு நிறுத்திக்கொண்டேன்.

பந்து வந்துவிட்டது. போகிற போக்கில் அவன் கேட்டான்: "அண்ணே, நம்மாளுக யாராச்சும் இந்தியாவுக்கு கோல்கீப்பரா நின்னிருக்காங்களா?"

கேட்டுவிட்டு ஓடிவிட்டான். பதிலை வைத்துக்கொண்டு நான் வரப்பில் உட்கார்ந்தேன்.

நின்றிருக்கிறார். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. பீட்டர் தங்கராஜ்.

1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாதின் மார்னிங் ஸ்டார், ஃபிரண்ட்ஸ் யூனியன் கிளப்புகளில் ஆடிப் பழகினார். பிறகு ராணுவம். மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் நம் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனில் இருக்கிறது. அந்த மையத்துக்கு அப்போது பேர்பெற்ற கால்பந்து அணி ஒன்று உண்டு. தங்கராஜ் அங்கே சென்டர் ஃபார்வேர்டாக, அதாவது கோல் அடிப்பவராகத்தான் ஆரம்பித்தார். பிறகு கோலைக் காக்கும் இடத்துக்கு மாறினார். அடிக்கிற வேலையிலிருந்து தடுக்கிற வேலைக்கு. முன்வரிசையிலிருந்து கடைசி ஆளாக. ஆறடியைத் தாண்டிய உயரம் அந்த இடத்துக்கே வளர்ந்தது மாதிரி இருந்தது. 1955-லும் 1958-லும் மதராஸ் ரெஜிமென்ட்டல் சென்டர் டூரண்ட் கோப்பையை வென்றது. வெலிங்டன் குளிரில் பயிற்சி எடுத்த சிப்பாய்கள் டெல்லி மைதானத்தில் கோப்பையைத் தூக்கிய அந்த வருடங்கள் தமிழ்நாட்டுக் கால்பந்து நினைவில் வைத்திருக்க வேண்டிய வருடங்கள்.

அவர் நாட்டுக்காக நிற்க வந்த காலத்தைச் சொல்ல வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. நாலே வருடத்தில் மெல்போர்னில் அரையிறுதி வரை போய் நான்காமிடம் பெற்றது. அந்த ஏற்றத்துக்குப் பின்னால் இருந்தவர் ஹைதராபாத்துக்காரரான பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். மெல்போர்ன் அணியில் தங்கராஜ் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர்தான் கோல். ஹங்கேரியிடம் 2-1 என்று தோல்வி. பிரான்ஸோடு 1-1 என்று சமம். பெருவிடம் 3-1 என்று தோல்வி. அந்த ஹங்கேரி ரோமிலிருந்து வெண்கலத்தோடு திரும்பிய அணி. ஃப்ளோரியன் ஆல்பர்ட் ஆடிய அணி. அவர்களை இரண்டு கோலோடு நிறுத்தியதை இந்தியக் கால்பந்தின் பெருமைகளில் ஒன்றாக இன்றும் சொல்கிறோம். சொல்லும்போது யார் நிறுத்தினார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

பிறகு 1962, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்ற இந்தியா, தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என்று தாண்டி, இறுதி ஆட்டத்தில் மறுபடி அதே தென் கொரியாவின் முன்னால் போய் நின்றது. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்குச் சேர்க்காததை இந்திய நிர்வாகி ஒருவர் கண்டித்துப் பேசியதால் இந்தோனேசிய மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். செப்டம்பர் 4 அன்று செனயான் மைதானத்தில் கூடிய லட்சம் பேர் ஒரே குரலில் இந்தியாவுக்கு எதிராகக் கத்தினார்கள். ஜர்னைல் சிங் தலையில் தையலோடு இறங்கினார். தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தவர். அவர் படுத்திருந்தபோது கோலைக் காத்தவர் பிரத்யுத் பர்மன். இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் தங்கராஜையே நிறுத்தினார். உயரே வரும் பந்துக்கு உயரமான ஆள் வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஆட்டத்தின் குறிப்பை எடுத்துப் பார்த்தால் இப்படி இருக்கும்: பி.கே. பானர்ஜி, 17-ஆவது நிமிடம். ஜர்னைல் சிங், 20-ஆவது நிமிடம். தென் கொரியா, 85-ஆவது நிமிடம். இந்தியா 2, தென் கொரியா 1. தங்கம்.

அந்தக் குறிப்பை வரப்பில் உட்கார்ந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அடித்தவர்களுக்கு நிமிடம் எழுதியிருக்கிறது. தங்கராஜுக்கு அந்தத் தாளில் ஒரே ஒரு நிமிடம்தான், 85. அவர் விட்ட பந்தின் நிமிடம். இருபதாவது நிமிடத்திலிருந்து எண்பத்தைந்தாவது நிமிடம் வரை, லட்சம் பேரின் கூச்சலுக்கு நடுவே அந்தக் கோலுக்குள் எதுவும் போகவில்லையே, அதற்குத் தாளில் இடம் கிடையாது. நடந்ததைத்தான் எழுத முடியும். நடக்காமல் தடுத்ததை எந்தப் புத்தகத்தில் எழுதுவது? காவல்காரன் வேலையே அப்படி. கதிர் முற்றிய காட்டில் பரண்மேல் விடியவிடிய விழித்திருப்பவனுக்குப் பன்றி வராத இரவுதான் நல்ல இரவு. அந்த இரவைப் பற்றி மறுநாள் ஊரில் பேச்சே இருக்காது. பன்றி புகுந்த அன்றுதான் அவன் பெயர் தெருவெல்லாம் அடிபடும்.

ஜகார்த்தாவுக்கு அடுத்த ஆண்டு ரஹீம் புற்றுநோயில் இறந்தார். ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அதற்குப் பிறகு இன்றுவரை தங்கம் வாங்கவில்லை. 1970-ல் வெண்கலம் வாங்கியதோடு சரி. தங்கராஜின் கிளப் வாழ்க்கை கொல்கத்தாவில். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புகளுக்கும் கோலில் நின்றார். தோற்றால் வீட்டுக்குக் கல் வரும், ஜெயித்தால் தோளில் தூக்கும் ஊர் அது. அந்த ஊரில் அத்தனை வருடம் ஒரு கோல்கீப்பர் தாக்குப் பிடித்தது சாதாரண விஷயமில்லை. 1967-ல் அர்ஜுனா விருது. 1971-ல் ஓய்வு. பிறகு பொகாரோவில் எஃகு ஆலையின் கால்பந்துப் பயிற்சிப் பள்ளியில் பையன்களை வளர்த்தார். 2008 நவம்பரில் அங்கேயே காலமானார். மாஸ்கோவில் வான் டெர் சார் பந்தைத் தட்டிய அதே ஆண்டு.

ஜகார்த்தா வெற்றியை வைத்து 2024-ல் 'மைதான்' என்று ஓர் இந்திப் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த சில பேரிடம், அந்த கோல்கீப்பரின் பெயர் தங்கராஜ் என்று சொன்னேன். "அப்படியா?" என்றார்கள். ஆம்ஸ்டர்டாம் சுருட்டுக் கடைக்காரரை அவர் நாடு இன்னும் மறக்கவில்லை. தங்கப் பதக்கத்தோடு வந்த தங்கராஜுக்கு நம்மிடம் கிடைத்தது அந்த "அப்படியா?"தான். எனக்கு இது ஆறாத வருத்தம். வெலிங்டன் வழியாக ஊட்டிக்குப் போகிற ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் ஒரு தகப்பனாவது மகனிடம், இங்கே ஒரு கோல்கீப்பர் உருவானார் என்று சொல்லிக் கூட்டிப்போக வேண்டும்.

வெயில் தாழ்ந்தது. மலைப் பக்கமிருந்து தோட்டத்து ஜீப் ஒன்று இறங்கி வந்தது. விடியுமுன் ஏறிப்போய் ஏலக்காய்க் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து நின்றுவிட்டுத் திரும்பும் பெண்கள், தலைத்துண்டை அவிழ்க்காமலே சரிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பின் பின்னால் ஒரு பெரிய பெட்டி ஸ்பீக்கர். அதில் ராஜாவின் பாட்டு.

மதியம் டீக்கடைக்காரர் தன் கைப்பேசியில் வைத்த அதே பாட்டுதான். ஆனால் அது வேறாக இருந்தது. கைப்பேசியில் குரலும் புல்லாங்குழலும் வயலினும் கேட்டன. இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் பாட்டுக்குக் கால் தரையில் படவில்லை. ஜீப்பில் அடியில் ஒரு கனம் இருந்தது. பாஸ் கிடார். மேலே குரல் எங்கே அலைந்தாலும் கீழே அது ஓடி ஓடி வந்து இடத்தை அடைத்தது. குரல் விட்ட இடைவெளியில் நின்றது. குரல் திரும்பி வந்ததும் வழி விட்டது. இத்தனை வருடம் பாட்டை முணுமுணுத்த என் வாய் ஒருநாளும் அந்த பாஸை முணுமுணுத்ததில்லை. அது இல்லாமல் கேட்ட ஒரு மதியத்துக்குப் பிறகுதான், பாட்டை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது எது என்று தெரிந்தது. இந்த ஊரில் பிறந்தவர் அதைத் தெரிந்து வைத்திருந்தார். முன்னால் பாடுகிறவருக்குக் கொடுத்த அக்கறையைக் கடைசியில் நிற்கிறவருக்கும் கொடுத்தார். நாம் கேட்கும்போதும் பார்க்கும்போதும் அந்தப் பாதி அக்கறையாவது வைக்கலாம்.

ஜீப் போன புழுதி அடங்குவதற்குள் கடைசிப் பந்து வந்தது. மலைப்பக்கத்திலிருந்து ஒருவன் ஓங்கி அடித்தது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. பையன் கையைப் புருவத்திலிருந்து எடுத்தான். பின்னால் இரண்டடி நகர்ந்தான், மூன்றாவது அடியில் எம்பினான். விரல் நுனியில் பட்டு, பந்து இடது செருப்புக்கு வெளியே ஓரடி தள்ளிப் போய் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. இருட்டுகிறது, வீட்டுக்குப் போகலாம் என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

நான் கிட்டே போனேன். "கேட்டியே தம்பி, நம்மாளு ஒருத்தர் நின்னிருக்கார். தங்கராஜ்னு பேரு. 1962-ல ஏசியன் கேம்ஸ்ல நம்ம தங்கம் வாங்கினப்ப அவர்தான் கோல்."

"தங்கராஜா? எங்க மாமா பேருண்ணே அது" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு மாறி, "எத்தன பந்து பிடிச்சாரு அன்னிக்கு?" என்று கேட்டான்.

கோல்கீப்பர்தான் அப்படிக் கேட்பான். எத்தனை அடித்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. அந்த எண்ணிக்கையை யாரும் எழுதி வைக்கவில்லை என்றேன். அவன் ஒரு கணம் யோசித்தான். "இன்னிக்கு நான் எட்டுண்ணே" என்றான். நான் எண்ணியதும் அதேதான். ஆமாம், எட்டு, நான் பார்த்தேன் என்றேன்.

மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அவன் குனிந்து வலது செருப்பை எடுத்து உதறி மாட்டினான். எட்டு எட்டு நடந்து போய் இடது செருப்பையும் மாட்டினான். அதோடு அங்கே கோல் இல்லை. வெறும் காடும் காற்றும்தான். அவன் ஊரைப் பார்த்து நடந்தான்.